இரண்டு மணி பிரஷர்

வடக்கிலிருந்து வந்த நோயாளி யார் சேர்ந்தாலும் ஹம்சவேணியிடம்தான் தள்ளிவிடுவார்கள். "ஹம்சா சிஸ்டரைக் கூப்பிடுங்க, அவுக பாஷையும் வடநாட்டு பாஷைதான்" என்பார்கள். அவள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். முன்னோர்கள் குஜராத் பக்கமிருந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அவளுக்கு இந்தியும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்லவில்லை. மற்ற நர்ஸ்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போது தன்னை ஆள் அனுப்பி அழைப்பதில் அவளுக்கும் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வரும் சாலையில் இருந்த அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் மொத்தம் முப்பது படுக்கைகள். பிரசவ வார்டில் எட்டு. சஞ்ஜுக்தா ஒரு திங்கள்கிழமை காலையில் வலியோடு வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் அவளும் புருஷனும் வேலை பார்த்தார்கள். புருஷன் பெயர் டுகுனா. ஊர் எது என்று வரவேற்பில் கேட்டதற்கு "ஒடிசா, கஞ்சாம்" என்று அவன் சொன்னான். அவனுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வரும். பாஷை என்ற கட்டத்தில் வரவேற்பில் இருந்த பெண் "இந்தி" என்று எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஹம்சவேணி போய், "பானி?" என்று கேட்டாள். சௌராஷ்டிரத்தில் தண்ணீருக்கு அதுதான் பெயர். சஞ்ஜுக்தாவின் முகம் விரிந்தது. "பானி, பானி" என்று தலையை ஆட்டினாள். சோற்றைக் காட்டி "பாத்" என்றாள் ஹம்சவேணி. அதற்கும் அவள் தலையாட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். டாக்டர் மைத்ரேயி ரவுண்ட்ஸ் வந்தபோது, "அஞ்சாம் பெட் ஹம்சா பாத்துக்குவாங்க, அவங்களுக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருத்தி கைப்பேசியில் இந்தி மொழிபெயர்ப்பை ஓடவிட்டுக் காட்டினாள். அது பேசியதற்கு சஞ்ஜுக்தா கண்ணைக் கொட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். பிரசவித்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தைகள் ஒத்துப்போன பிறகு வேறு ஆள் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டுகுனாவுக்கு ஒரு நாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஹம்சவேணிக்கு மதியப் பணி. சிம்மக்கல்லில் பஸ் ஏறி ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவளுக்குள் ஒன்று அறுத்துக்கொண்டிருந்தது. அன்று கொழுந்தன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். கூட்டத்தில் யாரோ விளக்குத் தட்டை அவள் கையில் கொடுக்க, யோசிக்காமல் வாங்கிக்கொண்டு வாசற்படியில் முன்னால் கால் வைத்துவிட்டாள். மாமியார் தட்டைப் பிடுங்கினார். "முண்டை, உனக்கு அறிவில்ல?" என்றார். அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் சௌராஷ்டிரத்தில்தான். அந்த ஒரு வசவுக்கு மட்டும் தமிழை எடுத்தார். ஹம்சவேணியின் புருஷன் சாய்பிரசாத், ரிங் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் மாதங்கி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் ஹம்சவேணிக்குத் தாங்கவில்லை.

இரண்டு மணிக்கு பிரஷர் பார்க்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு அவள் வார்டுக்குள் போனாள். பிரசவ அறையில் ஒரு பெண் முக்கிக்கொண்டிருந்தாள், சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போக வேண்டும். நாலு படுக்கையை முடித்து ஐந்தாவதற்கு வந்தாள். சஞ்ஜுக்தா சேலைத் தலைப்பைக் கண்ணுக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். குழந்தை பக்கத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஹம்சவேணி அவள் கையைத் தூக்கிப் பட்டையைச் சுற்றப் போனாள். சஞ்ஜுக்தா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். ஹம்சவேணியின் பொட்டில்லாத நெற்றியையே வெறித்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"முண்டொ" என்றாள். மறுபடி அடித்துக்கொண்டு, "மோ முண்டொ, முண்டொ" என்றாள்.

நாலாம் படுக்கைக்காரியின் அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டாள். "என்ன இந்தப் புள்ள சிஸ்டரைப் பாத்து முண்டைங்குது" என்றாள். வார்டில் ஒரு கசமுசா. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா இருளாயி நிமிர்ந்து, "பேச்சு வராது, பாஷை வராது. வசவு மட்டும் தமிழ்ல வருதாக்கும்" என்றாள்.

ஹம்சவேணி கையை உதறி விடுவித்துக்கொண்டாள். காதுக்குள் சூடாக ஏறியது. சஞ்ஜுக்தா இன்னும் என்னென்னவோ சொன்னாள். "திசுனி, திசுனி" என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஹம்சவேணி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை விரித்தாள். காலை பத்து மணிக்கு நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு என்று காலை நர்ஸ் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இரண்டு மணி என்ற கட்டம் காலியாக இருந்தது. ஹம்சவேணி அதில் நூற்று முப்பதுக்கு எண்பது என்று எழுதினாள். பக்கத்தில், நோயாளி ஒத்துழைக்கவில்லை, தகாத வார்த்தை பேசுகிறார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினாலு வருஷ வேலையில் பார்க்காத பிரஷரைப் பார்த்ததாக எழுதியது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. வார்டு நிரம்பி வழியும் நாட்களில் எல்லோரும் செய்வதுதான். அது ஒரு தப்பு என்றே அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் மனசெல்லாம் அந்த வாசற்படியில் நின்றது.

மூன்றரை மணி இருக்கும். இருளாயி பிரசவ அறை வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டரு, அந்த வடக்கத்திப் புள்ள குடிச்ச கஞ்சியைப் பூராம் வாந்தி எடுத்துருச்சு. பாத்ரூமுக்குப் போறேன்னு எந்திரிச்சு சுவத்தைத் தடவிக்கிட்டே நடக்குது. பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"இங்க தலை தெரிஞ்சிருச்சு இருளாயிக்கா. விட்டுட்டு எப்படி வர?"

"சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"கெடக்கட்டும். வாரேன் போங்க."

போகவில்லை. பிரசவம் முடிந்து, கையைக் கழுவி, தாளில் எழுதி, டீயை வாங்கி வாயில் வைத்தபோது வார்டுக்குள்ளிருந்து இருளாயியின் குரல் கேட்டது. அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஹம்சவேணி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

சஞ்ஜுக்தாவின் உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. வாயோரம் நுரையில் ரத்தம். இருளாயி குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். ஹம்சவேணி சஞ்ஜுக்தாவை இடது பக்கமாகப் புரட்டிப் பிடித்தாள், ஆக்ஸிஜன் போட்டாள், டாக்டருக்கு ஆள் விட்டாள். கை தானாக வேலை செய்தது. பட்டையைச் சுற்றி அழுத்தியபோது கருவியில் தெரிந்த எண்ணை அவள் இரண்டு தடவை பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று ஆறுக்கு நூற்று இருபது.

மைத்ரேயி வந்ததும் ஊசிகள் போயின. வலிப்பு நின்றது. ஆனால் சஞ்ஜுக்தா கண் திறக்கவில்லை. டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு நூத்தி முப்பது எண்பது. ரெண்டரை மணி நேரத்துல இம்புட்டு எப்படி ஏறும்? தலைவலின்னு ஏதாச்சும் சொன்னாங்களா? கண்ணு மங்குதுன்னு?"

ஹம்சவேணி ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தாள்.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணும் ஹம்சா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொன்னாங்க மேடம். புரியலை."

"புருஷனைப் பிடிங்க."

டுகுனாவின் நம்பரில் மணி அடித்து அடித்து நின்றது. மில்லுக்குள் போகும்போது கைப்பேசியைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். டுகுனாவையும் சஞ்ஜுக்தாவையும் ஊரிலிருந்து அழைத்து வந்து வேலைக்குச் சேர்த்த பாண்டிராஜ் என்பவரின் நம்பர் ஷீட்டில் இருந்தது. நாலாவது தடவைதான் எடுத்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன். டுகுனா சம்சாரத்துக்கு ரொம்ப முடியலை. அவரை உடனே லைன்ல குடுங்க."

"ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருக்கு சிஸ்டர். உள்ள போயி கூப்பிட சூப்பர்வைசர்கிட்ட..."

"அண்ணே, அந்தப் பொண்ணு செத்துக்கிட்டிருக்கு. ஓடுங்க."

அவர் ஓடும் சத்தம் கேட்டது. கதவுகள், வண்டி, பிறகு மழை மாதிரி இயந்திரங்களின் இரைச்சல். ஹம்சவேணி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். மைத்ரேயி குனிந்து நின்றார். நாலாம் படுக்கை அத்தை, இருளாயி, வார்டுப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். டுகுனாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"அக்கா, என்ன அக்கா?"

ஹம்சவேணி வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லைத் தானே உச்சரிக்க வேண்டியிருந்தது.

"தம்பி, உங்க சம்சாரம் மத்தியானம் ஒரு வார்த்தை சொல்லுச்சு. மோ முண்டொ, முண்டொன்னு சொல்லுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"முண்டொ... தலை அக்கா. மோ முண்டொ, என் தலை. தலை வலிக்குதா அவளுக்கு?"



"திசுனின்னும் சொல்லுச்சு."

"திசுனி, தெரியலை. கண்ணு தெரியலை. அக்கா, அவளுக்குக் கண்ணு தெரியலையா? அக்கா?"

மைத்ரேயி கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்து, நேரே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும்படி அவனிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வைத்தபின் ஹம்சவேணியைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு இதைச் சொன்னாங்க?"

"ரெண்டு மணிக்கு."

"அப்ப இந்த பிரஷர்?"

"நான் பாக்கலை மேடம். என்னைத் திட்டுறாங்கன்னு நினைச்சுட்டேன். பாக்காமலே எழுதிட்டேன்."

நாலாம் படுக்கை அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மைத்ரேயி பேனாவை எடுத்து அனுப்புகைத் தாளில் தலைவலியும் பார்வைக் குறைவும் மதியம் இரண்டு மணியிலிருந்து என்று எழுதினார்.

நூற்றெட்டு வண்டியில் ஹம்சவேணியும், குழந்தையோடு இருளாயியும் ஏறிக்கொண்டார்கள். சமயநல்லூர் தாண்டியதும் நெரிசல். சைரன் ஊளையிட்டும் வண்டி நகரவில்லை. ஹம்சவேணி சஞ்ஜுக்தாவின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். சஞ்ஜுக்தா என்றாள். பானி என்றாள். கண்ணைத் திற தாயி என்றாள். சௌராஷ்டிரத்தில் மாதங்கியை எழுப்புகிற மாதிரி எழுப்பினாள். எந்த பாஷைக்கும் அந்த இமை அசையவில்லை. வலது கண்ணின் பாவை இடது கண்ணைவிடப் பெரிதாகிக்கொண்டு வருவதை டார்ச் அடித்துப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் குழாய் போட்டார்கள். பாண்டிராஜின் வண்டியில் டுகுனா வந்து சேர்ந்தபோது அவன் தலைமுடியெல்லாம் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலில் செருப்பில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலையில் ஹம்சவேணி லீவு சொல்லிவிட்டு நேரே அங்கே போனாள். டுகுனா தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். குழந்தையைப் பிறந்த குழந்தைகள் பிரிவில் சேர்த்திருந்தார்கள், பாலூட்டும் நேரத்துக்கு மட்டும் வெளியே தந்தார்கள். அவனுக்குப் புட்டியைப் பிடிக்கவே தெரியவில்லை. ஹம்சவேணி வாங்கி மடியில் வைத்து ஊட்டினாள். அவன் அவளைப் பார்த்துக் கை கூப்பினான்.

அந்தக் கும்பிடுதான் அவளைப் பேச வைத்தது. பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"தம்பி, நேத்து மத்தியானம் உங்க சம்சாரம் தலை வலிக்குதுன்னு என்கிட்டத்தான் சொல்லுச்சு. முண்டொன்னு சொல்லுச்சு. தமிழ்ல அது கெட்ட வார்த்தை. புருஷன் செத்துப்போனவளைத் திட்டுற வார்த்தை. எனக்குப் புருஷன் இல்லை. என்னைத் திட்டுதுன்னு நினைச்சு நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

அவன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டான். கெட்ட வார்த்தை, திட்டு, கோவம் என்று அவனுக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிக் கோத்துப் பார்ப்பது தெரிந்தது. திடீரென்று பெஞ்சிலிருந்து இறங்கி அவள் காலைத் தொட்டான்.

"அக்கா, கோவம் வேண்டாம் அக்கா. அவ உங்களைத் திட்ட மாட்டா. அவ நல்லவ. தெரியாம சொல்லிட்டா. நான் மாப்பு கேக்குறேன். அவளை விட்டுறாதீங்க அக்கா. நல்லா பாருங்க."

ஹம்சவேணி அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "இல்லை தம்பி, தப்பு உங்க சம்சாரம் மேல இல்லை, நான்தான்" என்றாள். அவன் மறுபடி, "மாப்பு அக்கா, மாப்பு" என்றான். அவள் சொல்லச் சொல்ல அவன் இன்னும் பணிந்துபோனான். அவன் மனைவி நர்ஸை ஏசிவிட்டாள், அதனால் நர்ஸ் கோபமாக இருக்கிறாள், கும்பிட்டுக் கெஞ்சினால் கோபம் தீரும், வைத்தியம் நடக்கும். அவனுக்குப் புரிந்தது இதுதான். இப்படியே விட்டுவிட்டால் அவன் ஹம்சவேணியைக் கடைசிவரை நல்லவள் என்றே நினைத்திருப்பான். அந்த எண்ணமும் அவளுக்கு ஒரு கணம் வராமலில்லை.

"உங்க ஆளுக யாருக்காச்சும் தமிழ் நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மில்லில் எட்டு வருஷமாக இருக்கும் ஒரு ஊர்க்காரர் இருந்தார். டுகுனா அவருக்குப் போன் போட்டுக் கொடுத்தான். ஹம்சவேணி தாழ்வாரத்தின் ஓரத்துக்குப் போய், முதலிலிருந்து சொன்னாள். நெற்றியில் அடித்துக்கொண்டதையும், பார்க்காத பிரஷரை எழுதியதையும், வாந்தி என்று இருளாயி வந்து சொல்லியும் போகாததையும் சொன்னாள். அந்த மனிதர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"சிஸ்டர், இதை அப்படியே அவன்கிட்ட சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

டுகுனா கைப்பேசியைக் காதில் வைத்தான். ஹம்சவேணி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவனுக்குப் புரிந்த இடம் அவளுக்குத் தெரிந்தது. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். எழுந்து வந்து அவள் தோளிலிருந்த குழந்தையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான். தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்த பெஞ்சுக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அடுத்த நாளும் அவள் போனாள். அவன் பெஞ்சுக்குக் கிட்டே போகவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆள் வந்து ஏதாவது சொன்னால் அவன் திருதிருவென்று விழித்தான். அப்போது மட்டும் அவள் அந்த ஊர்க்காரருக்குப் போன் போட்டுப் பேசுகிறவர் கையில் கொடுப்பாள். டுகுனா அதைத் தடுக்கவுமில்லை, அவளைப் பார்க்கவுமில்லை.

அன்று சாயங்காலம் டிரஸ்ட் செயலாளர் அனந்தராமன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் அவரும் அவளும் மட்டும் இருந்தார்கள். கேஸ் ஷீட் மேஜையில் இருந்தது.

"உக்காரும்மா. டாக்டர் மைத்ரேயி எல்லாம் சொன்னாங்க. மனசு பதறினப்ப உன் வாய்ல என்னமோ வந்திருக்கும். ஆனா எழுத்துல ரெண்டு மணிக்கு நூத்தி முப்பது எண்பதுன்னு இருக்கு. அது இருக்கட்டும். பிரசவமான ரெண்டாம் நாள் திடீர்னு ஏறுறது உலகத்துல நடக்கிறதுதானே. நாளைக்கு விசாரணைக்கு யாராவது வந்தா நீ ஷீட்டுல உள்ளதை மட்டும் சொன்னாப் போதும்."

"அது நான் பாக்காத பிரஷர் சார்."

"உனக்கு ஒரு மக இருக்கா. புருஷன் இல்லை. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். ஆஸ்பத்திரியும் இருக்கணும், நீயும் இருக்கணும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மாதங்கியின் படிப்பும் வீடும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடின. ஹம்சவேணி மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான், அழகாக உருண்டையாக இருந்தது. ஒத்துழைக்கவில்லை, தகாத வார்த்தை என்ற வரியும் அதே அழகோடு இருந்தது. அந்தப் பெண் இருபத்திரண்டு வயதில் இந்த உலகத்தில் கடைசியாக வாய்விட்டுச் சொன்னதற்கு இப்படி ஒரு பெயர் எழுதியிருந்தது.

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அனந்தராமன் "ஹம்சவேணி" என்று எழுந்துவிட்டார். அதற்குள் அவள் இரண்டு வரியையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள், அடியில் இருப்பது படிக்கும்படியாக. மேலே, பிரஷர் பார்க்கவில்லை, நோயாளி தலைவலி என்றும் கண் தெரியவில்லை என்றும் சொன்னார், எனக்குப் புரியவில்லை என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் அவர். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

வியாழன் கழிந்து வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு சஞ்ஜுக்தா இறந்துபோனாள். கண் திறக்கவே இல்லை. சனிக்கிழமை டுகுனாவின் அண்ணி ரயிலில் வந்து சேர்ந்தாள். தத்தனேரியில் எரித்தார்கள். மில்லிலிருந்து பத்து பேர் வந்திருந்தார்கள். ஹம்சவேணி வெளியே ரோட்டோரம் நின்று புகை எழுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மாதங்கி கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை கேட்டு முடித்ததும், "பாட்டி அன்னைக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா?" என்றாள். "பாட்டி மேல போடாதே" என்றாள் ஹம்சவேணி. "வார்டுல நின்னது நான்தான்."

செவ்வாய்க்கிழமை அலமாரிச் சாவியைக் கொடுக்கவும் தன் சாமான்களை எடுக்கவும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டுகுனாவும் அண்ணியும் குழந்தையோடு வாசலில் இருந்தார்கள். பிறப்புத் தாள் வாங்க வந்திருந்தார்கள். மத்தியானம் ரயில். ஒரு பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. மைத்ரேயி அவனிடம் பேசிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஹம்சவேணியைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

"டாக்டர் சொன்னாங்க" என்றான். "நீங்க பேப்பர்ல உண்மை எழுதினீங்கன்னு."

அவள் தலையசைத்தாள்.

"அதை வச்சு நான் என்ன செய்ய அக்கா?"

திட்டுகிற மாதிரி அவன் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அவள் நின்றாள். அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு ஆட்டோ பார்க்க ரோட்டுக்குப் போனான்.

குழந்தை சிணுங்கியது. அண்ணிக்கு நாற்பது வயதிருக்கும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஹம்சவேணி யார் என்றும் தெரியாது. பால்பொடி டப்பாவைத் திறந்து, புட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு கரண்டி போட்டுக் குலுக்கினாள். ஹம்சவேணி உட்கார்ந்து அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். தண்ணீரைக் கீழே ஊற்றினாள். பாட்டிலில் முப்பது என்ற கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, ஒரு கரண்டி போட்டாள். அறுபது என்ற கோட்டைக் காட்டி, இரண்டு விரலை நீட்டினாள். காய்ச்சி ஆறின தண்ணீர் என்பதைக் காட்ட, பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கொதிக்கிற பாத்திரத்தைக் காட்டினாள், ஊதிக் காட்டினாள், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் காட்டினாள்.

அண்ணி தலையை ஆட்டினாள். ஹம்சவேணி அந்த ஆட்டலை ஏற்கவில்லை. புட்டியைக் கழுவி அவள் கையில் கொடுத்து, நீ செய் என்று சைகை செய்தாள். முதல் தடவை தப்பாகப் போட்டாள். மறுபடி கழுவிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை கோடு சரி, கரண்டி கூடிவிட்டது. ரோட்டில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. டுகுனா சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றான், வா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் தடவை அண்ணி அறுபது கோடு வரை ஊற்றி, இரண்டு கரண்டியைத் தலை தட்டிப் போட்டு, மணிக்கட்டில் சொட்டு விட்டு, ஹம்சவேணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான்" என்றாள் ஹம்சவேணி.

அவர்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். குழந்தை அண்ணி மடியில் குடித்துக்கொண்டிருந்தது.